மேலிருந்து மூன்றாவது ஆள்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், வருகிற ஒன்றாம் தேதி காலை எட்டு மணி முதல் இவ்வட்டாரத்தில் உள்ள சிறுநீரகங்கள் யாவும், இடது வலது என்ற பேதமின்றி, ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்ள வேண்டியது.

சுற்றறிக்கையின் வாசகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். தொனி இதுதான். மேலே அரசு முத்திரை, அதன் கீழே குழுவின் முத்திரை, அதற்கும் கீழே தலைவரின் கையெழுத்து. கையெழுத்து மட்டும் கால் பக்கம்.

தலைவருக்கு ஆய்வுக்கூடங்களில் வைத்திருந்த பெயர் 'தரம்'. பெரிய டாக்டர், பெரிய படிப்பு, அதைவிடப் பெரிய மேஜை. வாயைத் திறந்தால் "தரம்தான் முக்கியம்" என்பார், மூடும்போதும் அதையே சொல்லி மூடுவார். "தரம் வராரு" என்று ஒரு குரல் கேட்டால் போதும், கழற்றி மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டுகளெல்லாம் தானாக உடம்பில் ஏறிக்கொள்ளும்.

அவர் செய்யக் கிளம்பிய காரியம் தப்பான காரியம் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒரு கழிவு உண்டு. தசையிலிருந்து வருவது, சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். சிறுநீரகம் சோர்ந்துபோனால் கழிவு ரத்தத்திலேயே தங்கும், எண் ஏறும். எந்த எண் வரைக்கும் பரவாயில்லை, எதற்கு மேல் ஆபத்து என்பதில்தான் தகராறு. வட்டாரத்தில் ஆய்வுக்கூடங்கள் ஐந்து, எல்லையும் ஐந்து. ஒன்றில் 1.1, ஒன்றில் 1.2, இன்னொன்றில் 1.4. இந்த 1.4 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இயந்திரம் வாங்கியபோது கூட வந்த புத்தகத்தில் இருந்தது என்பார்கள். அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஆக, ஒரே மனுஷன் பேருந்து நிலையத்துக்கு இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் கல்லுக்குண்டு. வைத்தியமே வேண்டாம், சாலையைக் கடந்தால் குணமாகிவிடும்.

இந்தக் கூத்தை ஒழிக்கத்தான் குழு. குழுவுக்குத் தரம் தலைவர். கணக்குப் பார்க்கத் தலைநகரத்திலிருந்து வந்த மெலிந்த மனிதருக்கு வந்த மூன்றாம் நாளே 'சராசரி' என்று பெயர் விழுந்துவிட்டது. ரத்தம் எடுக்கும் பொறுப்பு ரத்தக்காவுக்கு.

ரத்தக்கா என்பதும் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இரும்பு உருட்டாலைக்கு எதிரே இருந்த ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஊசி குத்துகிறவள். எவ்வளவு ஒளிந்திருந்தாலும் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். குத்தியது தெரியாமல் "எப்பக்கா குத்துவீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அவளுக்கு ஒரே ஒரு கர்வம்தான். இத்தனை வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. கெஞ்சினவர்கள் இருந்தார்கள், மிரட்டினவர்கள் இருந்தார்கள். "எண்ணுல கை வைக்கிறதும் சோத்துல மண்ணை வைக்கிறதும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

அளவுகோல் செய்வதற்கு ஆரோக்கியமான நூற்றிருபது பேர் வேண்டும். அவர்களுடைய எண்களைச் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் வரிசையாக நிறுத்தி, கீழிருந்து மூன்றாவதைக் கீழ் எல்லை என்றும், மேலிருந்து மூன்றாவதை மேல் எல்லை என்றும் எழுதிக்கொள்ள வேண்டியது. அவ்வளவுதான். உலகம் ஒப்புக்கொண்ட முறை. முறையில் ஒரு குற்றமும் இல்லை. ஆரோக்கியமான நூற்றிருபது பேருக்கு எங்கே போவது என்பதில்தான் குழு முழி பிதுங்கியது.

முதலில் ஆசிரியர்களைக் கூப்பிட்டார்கள். எட்டு பேர் வந்தார்கள். ஊசியைப் பார்த்து மூன்று பேர் மயங்கினார்கள். அரசு அலுவலர்களைக் கேட்டதற்கு, ரத்தம் கொடுத்த நாளும் அடுத்த இரண்டு நாளும் விடுப்பு வேண்டும் என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு வாரத்தில் தேறியது பத்தொன்பது பேர். மந்திரி வந்து அளவுகோலை வெளியிடத் தேதி குறித்தாகிவிட்டது. தேதி கழுத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் உருட்டாலை மேலாளர் கை கொடுத்தார்.

"எத்தனை பேர் வேணும் டாக்டர்? நாளைக்குக் காலையில ஷிப்ட் மாறும்போது நூத்திருபது பேரை வரிசையா நிறுத்துறேன். போதாதுன்னா சொல்லுங்க, இருநூறா குடுத்துடறேன்."

தரம் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இதுதான் சமூகப் பொறுப்பு என்றார்.

உருட்டாலையைப் பற்றி ஒரு வார்த்தை. உலையிலிருந்து செக்கச்செவேலென்று வரும் இரும்புக் கம்பியை இடுக்கியால் பிடித்து இழுத்து, உருளைக்குள் விடுகிற வேலை. உள்ளே நிற்பவனின் சட்டை ஒரு மணி நேரத்தில் நனைந்து, இன்னொரு மணி நேரத்தில் உடம்பிலேயே காய்ந்து, உப்புப் பூத்து நிற்கும். தண்ணீர்த் தொட்டி ஒரு கோடியில். சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமென்றால் மேஸ்திரியிடம் அனுமதி வில்லை வாங்கிக்கொண்டு போக வேண்டும். வில்லை இரண்டே இரண்டு. அதனால் ஆட்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். தாகம் அங்கே ஒரு கெட்ட பழக்கம். முதுகு வலிக்கும், தோள் வலிக்கும். அதற்கு ஆலை வள்ளலாக நடந்துகொண்டது: வாசலில் நேரம் குறிப்பவரின் மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய வெள்ளை வலி மாத்திரை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம். ஆலையில் கேட்காமல் கிடைத்த ஒரே பொருள் அது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஆலைச் சாப்பாட்டுக் கொட்டகையில் ரத்தக்கா உட்கார்ந்தாள். நூற்றிருபது குழாய், நூற்றிருபது படிவம். பக்கத்தில் மேஸ்திரி நின்றார், ஒத்தாசைக்கு என்று.

"நோய் ஏதாவது உண்டா?"

"இல்லைங்க."

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க."

அடுத்தவன். இல்லைங்க, இல்லைங்க. நோய் இருக்கிறது என்று சொன்னவனுக்கு நாளைக்கு வேலை இருக்காது என்பது கொட்டகைக்குள் இருந்த எல்லாருக்கும் தெரியும், கரண்டிகள் உட்பட. ரத்தக்காவுக்கும் தெரியும். அவள் வேலை படிவத்தில் இருப்பதைக் கேட்பது, சொன்னதை எழுதுவது. எழுதினாள்.

எழுபத்து மூன்றாவது ஆளாக அவளுடைய தம்பி வந்து கையை நீட்டினான். அவளைவிடப் பத்து வயது இளையவன்; அவள் வீட்டு மாடியில்தான் பெண்டாட்டியோடு குடியிருந்தான்.

"நோய் ஏதாவது உண்டா?"

"நீயே சொல்லேன்."

மேஸ்திரி தலையைத் திருப்பினார்.

"இல்லைங்க," என்றான் தம்பி. பிறந்ததிலிருந்து அக்காவிடம் அவன் சொன்ன முதல் 'ங்க'.

"மாத்திரை?"

"இல்லைங்க."

சட்டைப் பையில் வெள்ளை மாத்திரைகள் துணி வழியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தன. நான்கோ ஐந்தோ. ரத்தக்கா 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

எண்கள் வரிசையில் நின்றன. மேலிருந்து மூன்றாவது எண் 1.6.

"கொஞ்சம் தூக்கலா இருக்கே சார்," என்று சராசரி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். "மத்த இடத்துல எல்லாம் 1.2, 1.3-ன்னுதான்..."

"மத்த இடத்து ஆளுங்க நாற்காலியில உக்காந்திருக்கிறவங்க. நம்ம ஆளுங்க உழைப்பாளிங்க. தசை இருக்கும், எண் இருக்கும்," என்றார் தரம். வெளியீட்டு விழாவில் இது இன்னும் வளர்ந்து, எவனோ எழுதிய புத்தகத்தின் 1.2-க்கு நம் சிறுநீரகங்கள் ஏன் மண்டியிட வேண்டும் என்று கேட்கிற அளவுக்குப் போயிற்று. கைதட்டல் அடங்க நேரமானது. மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி விழுந்திருக்கலாம்.

விழா முடிந்து வந்த ரத்தக்கா தன் பதிவு நோட்டை எடுத்துப் பார்த்தாள். எண்களுக்கு உரிய ஆட்கள் யார் என்பது அதில் மட்டும்தான் இருந்தது. மேலிருந்து மூன்றாவது ஆள், வரிசை எண் எழுபத்து மூன்று.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போனாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தான். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அங்கேயே இருந்தது.

"ஒரு மாசமா செருப்பு நுழையலை அண்ணி," என்றாள் தம்பி பெண்டாட்டி. "செருப்புக் கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போயிட்டு வந்தாரு. ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாதிரி நுரைக்குது. அதைக் கேட்டா, பாத்ரூமைச் சுத்தமா வெச்சிருக்கேன்னு சொல்றாரு."

"மாத்திரையை நிறுத்து," என்றாள் ரத்தக்கா.

"நிறுத்தினா நிமிர முடியலைக்கா. நிமிராம கம்பியை எப்படிப் பிடிக்கிறது, பல்லாலயா?"

மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு வழிதான் உண்டு. ஆலை மருந்தகத்து டாக்டர் சீட்டு எழுத வேண்டும். அவர் எண்களைப் படிக்கிற வழக்கம் இல்லாதவர். எல்லையைத் தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் அறிக்கையில் ஒரு நட்சத்திரம் விழும். அதை மட்டும் பார்ப்பார். நட்சத்திரம் இருந்தால் சீட்டு, இல்லாவிட்டால் வலி மாத்திரை. தம்பியின் அறிக்கையில் 1.6 இருந்தது. எல்லையும் 1.6. நட்சத்திரம் இல்லை.

"பேஷா இருக்கீங்க," என்று சொல்லி டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தனுப்பினார்.

முன்பென்றால் பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் போய் 1.1 எல்லை உள்ள ஆய்வுக்கூடத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். இப்போது ஐந்தும் ஒன்று. ஒற்றுமையே பலம்.

குழுவின் மாதாந்திரக் கூட்டத்தில் ரத்தக்கா எழுந்து நின்றாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, அந்த நூத்திருபது பேர்ல மேல இருந்து மூணாவது ஆளு என் தம்பி."

"அப்படியா?" தரத்துக்கு உண்மையிலேயே சந்தோஷம். "நம்ம வட்டாரத்தோட மேல் எல்லையே உங்க வீட்டுலதான் இருக்குன்னு சொல்லுங்க."

"அவனுக்கு உடம்பு சரியில்லைங்க. கால் வீங்கியிருக்கு. சிறுநீரகம் கெட்டுக்கிட்டு இருக்கு."

"அது எப்படிம்மா முடியும்?" என்றார் தரம், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஆரோக்கியமானவங்களை வெச்சுத்தான் எல்லை போட்டோம். உங்க தம்பி அந்த எல்லையிலேயே நிக்கிறாரு. அப்ப அவர் ஆரோக்கியமானவர்தானே?"

சராசரி தலையாட்டினார். அவருக்குத் தலை அந்த ஒரு திசையில்தான் ஆடும்.

"அவன் மட்டும் இல்லைங்க. எல்லாருமே மாத்திரையைக் கடலை மாதிரி மெல்றவங்க. தண்ணி குடிக்காதவங்க. மேஸ்திரி பக்கத்துல நின்னா எவன் வாயைத் திறப்பான்? நான்தான் 'இல்லை இல்லை'ன்னு எழுதினேன்."

"எழுதியிருக்கீங்க இல்ல? கீழ உங்க கையெழுத்து இருக்கு இல்ல? அப்புறம் என்ன?"

"மேல முதல் ஆளு ஒருத்தர் இருந்தாரே," என்றாள் ரத்தக்கா. "1.9. உலை வாசல்ல வேலை பார்த்தவரு. போன மாசம் செத்துட்டாருங்க. மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் வீங்கி."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் பார்த்தார்கள். பிஸ்கட் தட்டு, பேனா மூடி. சராசரி காகிதங்களைப் புரட்டினார். புரட்டியவரின் முகம் தெளிந்தது.

"சார், அவரை நாம எல்லைக்கு வெளியதான் வெச்சிருக்கோம்."

"பார்த்தீங்களா?" என்றார் தரம்.

கூட்டக் குறிப்பில் இது இப்படிப் பதிவாயிற்று: 'அளவுகோலின் துல்லியம் நடைமுறையில் மெய்ப்பிக்கப்பட்டது. ஊழியர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.'

அதற்குப் பிறகு இரண்டு வாரம் ரத்தக்காவின் கை வழக்கம்போல இல்லை. ஊசி குத்தினாள், ஒருவருக்கு வலித்தது. ரத்தக்கா குத்தி வலிப்பதா என்று ஊரே ஆச்சரியப்பட்டது. அவள் மனசுக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1.6-ஐ 1.7 ஆக்கினால் நட்சத்திரம் விழும். பத்தில் ஒரு பங்கு. உப்பில் கிள்ளி எடுத்ததைவிடக் குறைவு. இயந்திரம் மக்கர் செய்தால் எண்ணைக் கையால் அடிக்கலாம், அதற்கு ஒரு கட்டம் கணினியிலேயே இருந்தது. கேட்க நாதி இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து நூற்றிருபது பொய்யைப் பிழையில்லாமல் எழுதியபோது நோகாத கை, இந்த ஒரு ஏழுக்கு முரண்டு பிடித்தது. படிவத்தில் இருந்ததைத்தானே எழுதினேன் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். தரத்தின் குரல் போலவே இருந்தது. அப்புறம் அதைச் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை தம்பியை ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னாள். முகம் ஊதியிருந்தது, கன்னத்தில் சதை போட்டுவிட்டது என்று யாரோ அவனைப் பாராட்டியிருந்தார்கள்.

"மறுபடி எதுக்குக்கா? நான்தான் எல்லைச்சாமி ஆச்சே. ஊருக்கே காவல்."

"வாயை மூடிக்கிட்டுக் கையை நீட்டு."

ரத்தத்தைச் சுழற்றி, தெளிந்ததைப் பிரித்து, இயந்திரத்துக்குள் வைத்தாள். பதினொரு நிமிஷம் ஆகும். கையால் அடிக்கும் கட்டத்தைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டாள். 1 அடித்தாள், புள்ளி வைத்தாள், 7 அடித்தாள். அடித்துவிட்டுச் சேமிக்காமல் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷத்து வைராக்கியம் மேஜை மேல் உட்கார்ந்து அவளையே பார்த்தது.

இயந்திரம் சத்தம் கொடுத்தது. 3.4.

பக்கத்தில் நட்சத்திரம், தானாக.

மறுபடி ஓட்டினாள். 3.4.

1.7-ஐ அழித்தாள். முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. பொய் எழுத வேண்டியது இல்லாமல் போய்விட்டது. அந்த நிம்மதி இரண்டு மூச்சு நேரம் இருந்தது. எதற்காக நிம்மதிப்பட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது. எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, பாஸா?" என்று வெளியிலிருந்து கேட்டான் தம்பி.

"நட்சத்திரம் விழுந்திருக்கு."

"எத்தனை?"

"ஒண்ணு."

"ஓட்டலுக்கெல்லாம் அஞ்சு தராங்க," என்றான். உள்ளேயிருந்து சிரிப்பு வரவில்லை. கதவோரம் வந்து எட்டிப் பார்த்து, "ரொம்ப மோசமா?" என்றான்.

"சீக்கிரம் காட்டினா பிடிச்சு நிறுத்தலாம். நாளைக்கே போறோம்."

ஆலை மருந்தகத்து டாக்டர் நட்சத்திரத்தைப் பார்த்தார், நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை, சீட்டு எழுதினார். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் மூன்று மாதம் ஆனது.

மறுநாள் இரண்டு பேருந்து மாறி மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். பெரிய கட்டடம். சிறுநீரகப் பிரிவு என்று எழுதிய கூடத்தில் ஐம்பது நாற்காலி. எல்லாவற்றிலும் ஆட்கள், எல்லார் கையிலும் நட்சத்திரம் போட்ட காகிதம். ஊதிய முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. தம்பிக்கு ஒரு பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். சுவரில் குழுவின் அளவுகோல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

ஜன்னலில் இருந்த குமாஸ்தா காகிதத்தை வாங்கி, நட்சத்திரத்தைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, அட்டை ஒன்றைக் கொடுத்தாள். வேலை கச்சிதம்.

பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. உள்ளே யாரையும் கூப்பிடவில்லை. தம்பி சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கினான். தூக்கத்தில் கையைச் சொறிந்துகொண்டே இருந்தான். ஒரு மணிக்கு ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போகத் தொடங்கினார்கள். ரத்தக்கா ஜன்னலுக்குப் போனாள்.

"டாக்டர் எப்பம்மா வருவாரு?"

"அட்டை வாங்கிட்டீங்க இல்ல? மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுத்துக்கிட்டு வாங்க. அதையும் பதிஞ்சு தரேன்."

"அது சரி. இன்னைக்கு டாக்டர் பார்க்கணுமே. 3.4 இருக்கு."

"எந்த டாக்டர்?" என்றாள் குமாஸ்தா. கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சிறுநீரக டாக்டர்."

அந்தப் பணியிடம் ஆறு வருஷமாகக் காலி.